பனிக்குள் கேட்ட குரலுக்கு அக்கா சொன்ன சாட்சி

அக்கா பிறந்தது தை மாதத்து வெள்ளிக்கிழமை. எஸ்டேட் பதிவேட்டிலும் ரேஷன் கார்டிலும் ஜூன் மாதம் என்று இருக்கிறது. பள்ளியில் சேர்த்தபோது, பள்ளி திறந்த மாதத்தையே பிறந்த மாதமாக எழுதிவிட்டார்கள். சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளான லயங்களில் பிறந்த எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். அம்மா சொன்னதைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்து, இந்த நினைவு மலரின் அட்டையில் சரியானதைப் போட்டிருக்கிறேன். தவறான ஒரு வரி அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டால் அதை இறக்குவது எவ்வளவு பெரிய பாடு என்பதை இந்தக் குடும்பம் வேறொரு விஷயத்திலும் அனுபவித்திருக்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த விஷயத்தைப் பற்றியது.

மலர் தயாராகிறது என்று தெரிந்ததும் சொந்தங்களிடமிருந்து தொலைபேசி வரத் தொடங்கியது. எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "நல்லத மட்டும் எழுதுங்க. அந்த ஜீப்பு விசயம் எதுக்கு?"

அந்த ஜீப்பு விஷயம்தான் அக்காவின் வாழ்க்கையில் நடந்த மிக நல்ல காரியம். அதை விட்டுவிட்டு எழுதினால் மிஞ்சுவது முகம் இல்லாத ஒரு படம். ஆகவே எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது அக்கா எட்டாம் வகுப்பில் இருந்தார். அந்த ஆண்டே படிப்பை விட்டுக் கொழுந்து எடுக்கப் போனார். நான் படிக்க வேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு; என்னைக் கேட்கவில்லை, அம்மாவையும் கேட்கவில்லை. நான் மலையாள நாட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தது அவர் கூலியில். அக்கா திருமணமாகி மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு பஞ்சாயத்தில் இருந்த எஸ்டேட்டுக்குப் போனார். அத்தான் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நல்லவர், நுரையீரல் நோயில் சீக்கிரமே போய்விட்டார். அவர் போனபோது வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று மகள் செல்வி. மற்றது அத்தானின் தங்கை மகன். தாயை இழந்து ஆறு வயதில் வந்தவனை அக்கா தன் பிள்ளையாகவே வளர்த்தார். செல்விக்கு அவன்தான் முறை மாப்பிள்ளை என்று இரண்டு வீட்டிலும் பேச்சிருந்தது. அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அக்கா அதை எழுத வேண்டிய இடத்தில் எழுத வைத்துவிட்டார்.

பஞ்சாயத்தில் பெண்களுக்கு வார்டு ஒதுக்கப்பட்டபோது கட்சி அக்காவை நிறுத்தியது. ஜெயித்தார். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அவர் மெம்பரக்கா. பக்கத்து வார்டில் எதிர்க்கட்சி சார்பில் ஜெயித்தவர் ஜெயராணி. இருவரும் ஒரே மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். விடுமுறையில் போனபோது அவர்கள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன்.

"உங்க கட்சி போட்ட ரோட்டுல நடந்தா செருப்பு மட்டுமா தேயுது மெம்பரே, காலும்ல தேயுது" என்பார் ஜெயராணி.

"உங்க ஆளுக போட்டிருந்தா ரோடே இருந்திருக்காது. கால் தப்பிச்சுதேன்னு சந்தோசப்படு" என்பார் அக்கா.

கட்சி என்றால் அவர்களுக்கு அதுதான். காலையில் சண்டை, மதியம் ஒரே தூக்குவாளியில் சோறு.

அந்த ஆண்டு பஞ்சாயத்துத் தலைவர் மீது எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. தலைவர் அக்காவின் கட்சி. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எல்லோரும் வந்து கை தூக்கினால் ஒரு ஓட்டில் தலைவர் போய்விடுவார். ஒருவர் வராவிட்டால் பிழைத்துக்கொள்வார். வாக்கெடுப்பு ஒரு திங்கட்கிழமை. மலையாளக் கணக்கில் மிதுன மாதம், நமக்கு ஆனி. கர்க்கடகம், அதாவது ஆடி, என்று சொந்தத்தில் சிலர் சொல்கிறார்கள், அது தவறு. கர்க்கடகம் பிறக்க இன்னும் நாள் இருந்தது, பள்ளிகளில் மழை விடுமுறையும் அப்போது விட்டிருக்கவில்லை. இது முக்கியம், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அன்று காலை ஜெயராணி ஒரு ஜீப்பில் முன்னால் போனார். பின்னால் வந்த ஜீப்பில் அக்கா. அதை ஓட்டியவர் அத்தானின் தம்பி, அதாவது எங்கள் சின்ன அத்தான். வேறு ஆள் அதில் இல்லை. கொண்டை ஊசி வளைவில் கடும் பனி. முன்னால் போன ஜீப்பை மறித்து, ஜெயராணியை இழுத்துப் போட்டு, இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சத்தம் கேட்டு இறங்கப் போனார். பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தே, நீங்க எறங்காதீங்க. மீட்டிங்குக்குப் போங்க."

அக்கா இறங்கினார். அடித்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஜெயராணியின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சின்ன அத்தானின் ஜீப்பிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் ஜெயராணி முனகியதை அக்கா என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார்.

"உங்க கட்சி ஜெயிச்சிருச்சு மெம்பரே."

"பேசாம வா. கைய அசைக்காத."

தீர்மானம் ஒரு ஓட்டில் தோற்றது. அன்று மாலை கடைவீதியில் பட்டாசு வெடித்தார்கள். ஓடும் ஜீப்பிலிருந்து தவறி விழுந்து காயம் என்று போலீஸின் முதல் காகிதத்தில் எழுதப்பட்டது. ஒரு பெண்ணின் கையை உடைத்து ஒரு ஓட்டைத் திருடியவர்கள் அதற்கு வைத்த பெயர் வெற்றி. கொடிகளுக்குள் ஒளிந்துகொண்டு இதைச் செய்கிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் அவர்களைவிட அதிகம் இருக்கிறார்கள்.

அக்கா போலீஸில் சொன்னார், எழுதிக்கொள்ளவில்லை. கட்சியில் சொன்னார், பனியில் யார் என்று எப்படித் தெரியும், பேசாமல் இருங்கள் என்றார்கள். மாநிலத்தில் அடுத்தடுத்து இப்படிப்பட்ட அடிதடிகளும் கொலைகளும் நடந்ததால், அரசியல் வன்முறையை விசாரிக்க எல்லாக் கட்சி உறுப்பினர்களையும் சேர்த்துச் சட்டசபை ஒரு சமிதி, அதாவது விசாரணைக் குழு, அமைத்தது. அது மலைக்கும் வந்தது. விருப்பமுள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவித்தார்கள். அக்கா மனுக் கொடுத்தார். நானும் கூடப் போனேன்.

விருந்தினர் மாளிகைக் கூடத்தில் நீள மேசை. முதலில் சின்ன அத்தானைக் கேட்டார்கள். "நான் ரோட்டப் பாத்து வண்டி ஓட்டுனேன் சார். ஒண்ணும் காதுல விழல" என்றார். அப்புறம் அக்கா. தமிழில் சொன்னார், ஒருவர் மலையாளத்தில் எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டபின், அக்காவின் கட்சியைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் பேசினார்.

"பனி இருந்ததா?"

"இருந்துச்சுங்க அய்யா."

"முகம் தெரிந்ததா?"

"தெரியல."

"பிறகு எப்படி அவன்தான் என்று சொல்கிறீர்கள்?"

"ஊருக்கெல்லாம் நான் மெம்பரக்கா அய்யா. என்னைய அத்தேன்னு கூப்பிடுறது மூணு பேருதான். ரெண்டு பேரு என் தம்பி பிள்ளைக. அதுக அன்னைக்குச் சித்தூர்ல பள்ளிக்கூடத்துல இருந்துச்சுக. மிச்சம் இருக்கது நான் சோறு போட்டு வளத்தவன்."

என் பிள்ளைகளின் பள்ளி வருகைப் பதிவை நான் வாங்கிக் கொடுத்திருந்தேன். மாதத்தை நான் ஏன் அழுத்திச் சொன்னேன் என்பது இப்போது புரியும்.

மூத்த உறுப்பினர் மறுபடி கேட்டார். "நீங்கள் ஜெயித்த கட்சிக்கு எதிராகச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறதா?"

"கட்சிக்கு எதிரா நான் ஒண்ணும் சொல்லல. ஓட்டுல ஜெயிக்கிற கட்சின்னுதான் கொடி பிடிச்சேன். கம்பில ஜெயிக்கிறதுக்கு என் கொடி எதுக்கு, என் ஓட்டு எதுக்கு?"

பின்னால், அவன் பெயரோடு சமிதியின் அறிக்கை சபையில் வைக்கப்பட்டபோது எல்லாக் கட்சி உறுப்பினர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். மாறுபட்ட குறிப்பு ஒன்றுகூட இல்லை. அந்த மூத்தவரும் கையெழுத்திட்டிருந்தார். அவருக்கு இந்தக் குடும்பம் நன்றி சொல்கிறது. தன் கட்சியின் தவறுக்குக் கீழே தன் பெயரை எழுத ஒரு மனிதராவது துணிந்தார்.

அக்கா வீடு திரும்பிய அன்றே விலை கொடுக்கத் தொடங்கினார். கட்சியிலிருந்து நீக்கினார்கள். லயத்தில் பேச்சு நின்றது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஓய்வு பெற்ற மற்றவர்களுக்குக் கொடுக்கும் அவகாசம்கூடக் கிடைக்காமல் வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு சித்தூருக்கு வந்தார். செல்விக்குப் பக்கத்துப் பெருமாட்டியில் மாப்பிள்ளை பார்த்துத் திருமணம் செய்தோம். அத்தான் வழிச் சொந்தங்களுக்கென்று மண்டபத்தில் விட்டிருந்த நாற்காலிகள் கடைசிப் பந்திவரை காலியாகவே கிடந்தன. அழைக்கப் போனபோது ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்: "வளத்த பிள்ளையக் காட்டிக் குடுத்தவ வீட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம்."

காட்டிக் கொடுத்தவர். சொல்லுங்கள், யார் யாரைக் காட்டிக் கொடுத்தது? ஜெயராணிக்கும் ஒரு வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கின்றன. அந்தக் கையால் இன்றுவரை கொழுந்து கிள்ள முடியவில்லை. உங்களில் ஒருவர்கூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பெருமாட்டி மண்டபத்தில் உங்கள் நாற்காலிகள் காலியாக இருந்தபோது, கையில் பட்டையோடு பஸ்ஸில் வந்து செல்விக்குத் தாலி முடிய விளக்குப் பிடித்தவர் ஜெயராணி. அத்தை முறைக்கு ஆள் இல்லாமல் நின்ற இடத்தில் அவர் நின்றார்.

அறிக்கை வந்தபின் வழக்கு புதிதாகப் பதிவானது. கோர்ட்டிலிருந்து அக்காவுக்குச் சம்மன் வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் பழுதாகியிருந்தன. "ஆம்புலன்ஸ்ல படுக்க வச்சாவது கூட்டிட்டுப் போ. பெஞ்சுல உக்காந்து சொல்லுதேன்" என்று தினமும் சொன்னார். போகத் தயாரானோம். விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த தேதி வருமுன் அக்கா போய்விட்டார். கார்த்திகை மாதம், புதன்கிழமை, பிற்பகல்.

அன்று நடந்ததையும் எழுதியே ஆக வேண்டும். அறிக்கையில் அக்காவின் துணிச்சலைப் பற்றி ஒரு பத்தி இருந்ததாலும் தேர்தல் பக்கத்தில் இருந்ததாலும், உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத எல்லோருக்கும் திடீரென்று வழி தெரிந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அக்கா படத்தோடு முச்சந்தியில் பலகை வைத்தார்கள், தங்கள் சின்னத்தோடு. நீக்கிய கட்சிக்காரர்கள் நான்கு காரில் வந்து இறங்கினார்கள், உடல்மீது போர்த்தக் கொடியோடு. பொதுதரிசனத்துக்கு, அதாவது மக்கள் அஞ்சலி செலுத்த, கட்சி ஆபீஸுக்குக் கொண்டு போக வேண்டும் என்றார்கள். பிறந்த வீட்டுக் கோடித் துணி நான் போட்டாயிற்று, அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்றேன். அவர்கள் கேட்கவில்லை. என் மனைவி இந்த ஊர்க்காரர், வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க, அண்ணி மூணு வருசமா இந்த ஊட்டுலதான படுத்திருந்தாங்க? அப்ப வழி தெரீலீங்களா? கொடிய மடிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க. பலகை வெச்சவங்களுக்கும் போறப்ப சொல்லீட்டுப் போங்க, கழட்டச் சொல்லி."

இரண்டும் போயின. இந்த மலரில் எந்தக் கட்சியின் இரங்கல் செய்தியும் இல்லாததற்குக் காரணம் அதுதான். வந்தன; இரண்டு பக்கமிருந்தும் வந்தன. அச்சிடவில்லை.

அக்காவால் வளர்க்கப்பட்டவன் இப்போது அதே வார்டில் நிற்கப் போகிறான் என்று கேள்விப்படுகிறேன். போன வாரம் பேசினான். "சித்தப்பா, மலர்ல அத எழுதாதீங்க. அத்தையே இருந்தா என்னைய மன்னிச்சிருப்பாங்க." மன்னித்திருப்பார், எனக்கும் தெரியும். மன்னிப்பது அக்காவின் விஷயம். கை ஜெயராணியுடையது. ஓட்டு அந்த வார்டு மக்களுடையது. அவற்றை மன்னிக்க அக்காவுக்கு உரிமை இல்லை என்று அவரே நினைத்தார். அதனால்தான் சமிதிக்குப் போனார்.

அக்காவின் கடைசி மாதங்களில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வந்த பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுநருக்கும், இரத்தம் கொடுத்த கல்லூரி மாணவர்களுக்கும் (அவர்களில் இரண்டு கட்சி மாணவர் சங்கத்தினரும் இருந்தார்கள்), மலையிலிருந்து வந்து மூன்று நாள் தங்கிச் சமையல் பார்த்த ஜெயராணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஈமக் காரியங்களுக்கு வந்தவர்களுக்கு நன்றி. வராதவர்களுக்கும் இந்த மலர் தபாலில் வருகிறது.

சின்ன அத்தான், உங்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பவில்லை. நானே கொண்டுவந்து கையில் தருவேன். சமிதி முன் சொன்னது அப்படியே கோர்ட்டில் சாட்சியாகாது, ஆள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறார் வக்கீல். அடி வாங்கிக்கொண்டிருந்த ஜெயராணிக்கும் பயந்து ஓடிய அவர் ஜீப் ஓட்டுநருக்கும் அந்தக் குரல் கேட்கவில்லை; கேட்ட இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். நீங்கள் வண்டி ஓட்டியவர். உங்களுக்கும் அவன் மருமகன்தான். உங்கள் மனக்கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. அக்காவுக்கும் அதே கஷ்டம் இருந்தது, அதைச் சுமந்துகொண்டே அந்த மேசைக்கு முன் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் கோர்ட் கூடுகிறது. பனி இருந்ததா என்று கேட்பார்கள். இருந்தது என்று சொல்லுங்கள். முகம் தெரிந்ததா என்று கேட்பார்கள். தெரியவில்லை என்று சொல்லுங்கள். காதில் என்ன விழுந்தது என்று கேட்பார்கள். அந்த இடத்தில், ஜீப்பில் உங்கள் பக்கத்து இருக்கையில் இனி யாரும் இல்லை என்பதை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.