நாற்காலி மாறிய ஆடிட்டர்

பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கோப்பைகளுக்கு எங்கள் வீட்டு அலமாரியில் இடம் போதாமல் சில பிரிட்ஜின் மேல் ஏறி நிற்கின்றன. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை, உழைத்துப் பெற்றவை. ஆயினும் என் வாதங்களுள் நான் மிகவும் மகிழ்ந்து நினைப்பதற்குக் கோப்பையும் இல்லை, மேடையும் இல்லை. அது நடந்தது திருப்பதியில், செயற்கைக் கை பொருத்தித் தரும் ஓர் அறக்கட்டளையின் சிறிய கூடத்தில்.

அதை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா. கைகளை வரைந்து கொடுக்கும் வடிவமைப்பாளரோ இங்கிலாந்தில் இருக்கிறார். வாரந்தோறும் அவர் கணினித் திரையில் தோன்றிக் குழந்தைகளின் அளவைப் பார்ப்பார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்வது, கல்லூரி மாணவியான என் பொறுப்பு.

அன்று திரையின் முன்னே வெதுருகுப்பத்துச் சிறுமி ஒருத்தி அமர்ந்திருந்தாள். பிறவியிலேயே அவளுக்கு இடது முன்கை இல்லை. ஆனாலும் சைக்கிள் ஓட்டுவாள். வலக்கை கைப்பிடியை விட முடியாது என்பதால், எதிரே யார் வந்தாலும் "டிரிங் டிரிங்" என்று வாயாலேயே கத்திக்கொண்டு போவாள். புதுக் கையால் மணி அடிக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

திரையிலிருந்தவர் காதில் செருகிய பென்சிலை எடுத்து, அட்டையில் வெட்டிய ஒரு விரலை மடக்கிக் காட்டினார். அது பிய்ந்து அவருடைய தேநீரில் விழுந்தது. சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். அறக்கட்டளையின் கணக்கைப் பார்க்க வந்து, கதவோரம் நின்றிருந்த ஆடிட்டரும் சிரித்துவிட்டார்.

அவர் சித்தூரிலிருந்து வந்தவர், நகரி பக்கத்துக்காரர். சிரிப்பு அடங்கி, திரையும் அணைந்ததும், வந்த விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து ஒரு சேவையை வாங்கினால், விற்றவர் நம் அரசுக்கு ஜி.எஸ்.டி. கட்டமாட்டார், வாங்கியவரே அவருக்குப் பதிலாகக் கட்ட வேண்டும். அறக்கட்டளைகளுக்குச் சலுகை உண்டு. ஆனால் இணையத்தின் வழியாக வரும் சேவைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே வடிவமைப்பாளருக்குத் தரும் கட்டணத்துக்கு வரி கட்டியாக வேண்டும்.

டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. "அப்படின்னா இந்த வருஷம் புதுக் கை எதுவும் ஆரம்பிக்க முடியாது. இந்தப் பொண்ணோடதும் அடுத்த வருஷம்தான்."

சிறுமியின் தகப்பனார் எழுந்து நின்றுவிட்டார். "அடுத்த வருஷத்துக்குள்ள இவ வளந்துடுவாளே டாக்டரம்மா! எடுத்த அளவெல்லாம் வேஸ்டாப் பூடுமே!"

இப்படி ஒரு தருணத்துக்காகத்தானே நான் பயிற்சி பெற்றிருந்தேன்? எழுந்தேன். ஈகையைப் பாடினேன், ஈரமற்ற சட்டத்தைச் சாடினேன், மூச்சை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, குரலை எங்கே தாழ்த்த வேண்டுமோ அங்கே தாழ்த்தினேன். சிறுமியின் தகப்பனார் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"சூப்பரா பேசினம்மா," என்றார் ஆடிட்டர். "ஆனா நீ அழ வெச்சது எங்களைத்தான். ஆபீசுல இருக்கறவன் அழமாட்டான். அவனுக்கு ரூலு வேணும்."

உண்மைதான். என் பேச்சில் எல்லாம் இருந்தது, சான்று ஒன்றைத் தவிர. அப்போதுதான் எங்கள் கல்லூரிப் பேச்சு மன்றத்தின் வழக்கம் நினைவுக்கு வந்தது. முதல் சுற்று முடிந்ததும் இரு தரப்பினரும் நாற்காலி மாற வேண்டும். எதிர்த்ததை ஆதரித்தும், ஆதரித்ததை எதிர்த்தும் பேச வேண்டும்.

"சார், இப்ப நான் வரி ஆபீசு. நீங்க அறக்கட்டளை. இப்படி வந்து உக்காருங்க."

"இன்னாம்மா இது, டிராமாவா? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

"பயமா சார்?"

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. "யாருக்கு பயம்? காலேஜுல நானும் மைக்கப் புடிச்சவன்தான்," என்று சட்டைக் கையை மடித்தவாறே என் நாற்காலியில் வந்து அமர்ந்தார்.

நான் வரியின் பக்கம் நின்று, ஒளிக்காமல் சொன்னால், முன்னைவிட நன்றாகவே பேசினேன். பெங்களூர் வடிவமைப்பாளர் வரி சேர்த்து விலை சொல்லும்போது, கடல் கடந்தவர் வரியின்றி விற்றால் உள்ளூர்க்காரர் பிழைப்பது எங்ஙனம் என்று கேட்டேன். ஆடிட்டர் தலையசைத்தார். உற்சாகம் மிகுந்து, "மேலும், இங்கே நீங்கள் வாங்குவது என்ன? பொத்தானைத் தட்டினால் கணினி தானே துப்பும் ஒரு படம்!" என்று முழங்கினேன்.

ஆடிட்டர் துள்ளி எழுந்தார். "ஏய், நிறுத்தும்மா! எது தானே துப்புது? காதுல பென்சிலு வெச்சிக்கினு ஒரு ஆளு குந்திக்கினு இருந்தானே, அவன் மிஷினா? மிஷினு டீயில வெரலப் போடுமா? ஆளு இல்லாம சாப்ட்வேரே தானா குடுத்தா, அதுதான் சலுகை இல்லாத ஆன்லைன் சர்வீசு. இங்க ஒரு மனுஷன் அளவு பாத்து, யோசிச்சு, கையால வரையறான். கம்ப்யூட்டரு வெறும் ரோடு மாதிரி. இது ஊனமுற்ற பசங்களுக்கான தர்ம காரியம், டிரஸ்ட்டும் ரிஜிஸ்டர் ஆனது. சலுகை உண்டு! வரி கட்டத் தேவையில்லை!"

தாம் சொன்னதைத் தாமே கேட்டவர் போல, உயர்த்திய கையை அவர் மெல்ல இறக்கினார்.

"அடப்பாவி பொண்ணே," என்றார். "என்னையே எனக்கு எதிரா பேச வெச்சிட்டியே!"

டாக்டரம்மாதான் முதலில் கைதட்டினார். நானும் தட்டினேன், மன்றத்தில் எதிரணிக்கு நான் அவ்வளவு ஓங்கித் தட்டியதே இல்லை. ஆனாலும் ஆடிட்டர் தம் தொழிலை மறக்கவில்லை. சலுகை பற்றிய அரசு அறிவிப்பைச் சொல்லுக்குச் சொல் படித்த பிறகே கணக்கில் கையெழுத்து என்று எச்சரித்துவிட்டுச் சித்தூர் பஸ் ஏறினார். மறுநாள் காலை போன் வந்தது. "வடிவமைப்புக்கு வரி இல்லை. வீடியோ மீட்டிங்குக்கு மாசாமாசம் ஒரு வெளிநாட்டு சாப்ட்வேரு வாங்கறீங்களே, அதுக்கு மட்டும் உண்டு. அது நெஜமாவே மிஷினு." டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சரி என்றார். அதைத் தாங்கும் வலு அறக்கட்டளைக்கு இருந்தது.

கை வந்த நாளில் அறக்கட்டளை வாசலிலேயே சிறுமி சைக்கிளில் ஏறினாள். மணி கணீரென்று ஒலித்தது. சுற்றி வளைத்து எங்களை நோக்கி வந்தவள், மணியை அடித்துக்கொண்டே வாயாலும் "டிரிங் டிரிங்" என்று கத்தினாள்.

"அதான் மணி அடிக்குதே, இன்னும் எதுக்கு கத்தற?" என்று தகப்பனார் அதட்டினார்.

"ரெண்டும் இருக்கட்டும் நைனா, நவுரு!"

அனைவரும் நகர்ந்தோம்.