பாகு ஏறிக்கொண்டிருந்த மதியம்

டெல்லியின் விளிம்பில் இருக்கும் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைக் கவனிக்கும் என்ஜினீயர் நான். கணவருக்கு மத்திய அரசு வேலை, ஊருக்கு நடுவே கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். அதனால் தினமும் அவ்வளவு தூரம் போய்வருவது நான்தான்.

ஆலையில் சூடான குளுக்கோஸ் பாகு நிரப்பும் பெரிய எஃகு டேங்க் ஒன்று உண்டு. வெகுகாலம் ஒரு மிதவைதான் அதன் அளவைக் காட்டியது. பிறகு ஒரு கம்பி சென்சார் வைத்தார்கள். கம்பியில் ஒட்டிய பாகையும் அது சேர்த்துக் கணக்கிட்டுவிடும். ஒருநாள் டேங்க் நிரம்பிவிட்டதாக அது காட்டியதை நம்பி நான் பம்ப்பை நிறுத்தச் சொன்னேன். திறந்து பார்த்தால் பாதிகூட இல்லை. அதன்பிறகு கேன்டீனில் என்னைக் கண்டால் யாராவது டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "பர் கயா, மேடம்?" என்று, நிரம்பிவிட்டதா எனக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

போன குளிர்காலத்தில் அதை எடுத்துவிட்டு, ரேடியோ சிக்னலால் அளக்கும் வேறு சென்சார் பொருத்தினோம். பம்ப் ஆபரேட்டர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்.

"ரேடியோ சிக்னல்னா பாட்டு வருமா அக்கா?" என்றார்.

"வராது. இந்தக் கம்பிக்கும் டேங்க் சுவருக்கும் நடுவுல சிக்னல் போகும். நடுவுல காத்து இருந்தா ஒரு மாதிரி, பாகு இருந்தா வேற மாதிரி. பாகு ஏற ஏற அந்த வித்தியாசம் கூடும். அதை வச்சு அளவு சொல்லும்."

"ஒட்டிக்கிட்டா?"

"மேலே ஒரு காப்புக் குழாய் இருக்கு பாருங்க. கம்பியில இருக்கிற அதே வோல்டேஜ் இதுலயும் இருக்கும். அதனால ஒட்டின பாகு வழியா சிக்னல் கசியாது."

"அச்சா," என்றார். முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. மிதவையைக் கழற்றாமல் விட்டுவைத்தோம்.

சில நாள் கழித்து, பனிமூட்டம் விலகாத ஒரு மதியம். டேங்க் நிரம்பிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தேன். புது சென்சார், டேங்க் விளிம்பை நெருங்கிவிட்டது என்றது. மிதவையின் முள் பாதியிலேயே நின்றது.

"ஆதா டேங்க்தான் அக்கா. மிதவையைப் பாருங்க," என்றார் ஆபரேட்டர்.

மறுபடியும் அதே கதையா என்று நினைத்தேன். அப்போதுதான் டேங்கின் அடியில், வழிந்தால் கொட்டும் குழாய்க்கு நேர் கீழே, துப்புரவு வேலை செய்யும் பெண்கள் இருவர் ரொட்டியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அந்தக் குளிரில் ஆலையிலேயே கதகதப்பான இடம் அதுதான்.

திரையில் எண் இன்னும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஒட்டிய பாகாக இருந்தால் ஒரே இடத்தில் அல்லவா நிற்கும்?

"பம்ப்பை நிறுத்துங்க தம்பி. ஜல்தி!"

தயங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். பம்ப் ஓய்ந்தது. எண்ணும் நின்றது.

நான் ஓடிப்போய், "தீதி, எழுந்திருங்க, இங்கிருந்து போங்க," என்று இந்தியில் கத்தினேன். ரொட்டியைக் கையில் பிடித்தபடியே அவர்கள் விலகினார்கள். நானும் ஆபரேட்டரும் ஏணியில் ஏறி மூடியைத் திறந்தோம். ஆவி முகத்தில் அடித்தது. கைக்கெட்டும் தூரத்தில் பாகு பளபளத்துக்கொண்டிருந்தது. மிதவை அதற்குள் எங்கோ, தன் கம்பியில் இறுகிய பாகில் சிக்கி மூழ்கிக் கிடந்தது.

ஆபரேட்டர் கீழே அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். "அக்கா, அவங்க தலையில..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"கொட்டலையே. விடுங்க," என்றேன். ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே வந்ததும் அந்தப் பெண்களில் ஒருத்தி என்னை உட்காரச் சொல்லி, ஊறுகாய் வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒன்றைக் கொடுத்தாள். எதற்காக விரட்டினேன் என்று சொன்னதும் மேலே டேங்கைப் பார்த்தாள், பிறகு தன் தோழியைப் பார்த்தாள். இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு.

சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கினேன். வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. தமிழ்க் கடைகளின் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நடந்துவிட்டு, கறிவேப்பிலை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.