மரத்தடி நாற்காலிக்கு வந்த கொசு

பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மரத்தடியில் ஒரு நாற்காலி, கிளையில் ஒரு கண்ணாடி, வேர்ப்பக்கம் ஒரு தண்ணீர் டிரம். முடிதிருத்தும் நிதானத்தின் கடை இவ்வளவுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அவர் கத்தி பிடிக்கும் பொறுமையைப் பார்த்துத் தெரு வைத்த பெயர் இது. இருபத்திரண்டு வருடத்தில் யார் கன்னத்திலும் கீறல் விழுந்ததில்லை என்பதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்தை ஒரு கொசு இறக்கி வைத்தது. ஒரு சாயங்காலம் கணக்கு வாத்தியாரின் தாடைக்குக் கீழே கத்தி போய்க்கொண்டிருந்தபோது, கணுக்காலில் சுருக்கென்று ஒரு கடி. வாத்தியார் துள்ளினார். சின்னக் கீறல்தான், ஆனாலும் ரத்தம் காலர் வரை வந்துவிட்டது. "உங்க மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுவாரமே எதிரில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குள் நுழைந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நிதானத்தின் பிழைப்பே சாயங்காலக் கூட்டத்தை நம்பித்தான்.

சும்மா இருப்பாரா? வேப்பிலைப் புகை போட்டார். கொசு போனதோ இல்லையோ, முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் இருமித் தள்ளினார். இருமுகிற தொண்டையில் எந்த மகராசன் கத்தி வைப்பான்? அடுத்து எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, கிராம்பு குத்தி, நாற்காலிக் கைகளில் வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொசுவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை போர்த்தும் துணிகளைத் துவைக்க எடுத்துப்போக மனைவி வருவாள். அன்று கை கழுவ டிரம்முக்குள் சொம்பை ஆழமாக விட்டவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இதுக்குள்ள என்னமோ நெளியுதே."

"அது முகம் கழுவுற தண்ணி. கலக்காத. நான் மேலாலதான் மொண்டுப்பேன், கொறைஞ்சா மேலயே ஊத்திடுவேன்."

"கொசுவை நல்லா வளர்த்திருக்கீங்க போங்க. இங்கயே பொறந்து, உங்க ஆளுங்களையே கடிச்சிட்டு, திரும்ப இங்கயே வந்து முட்டை போடுது. இதுல நீங்க புகை வேற போடறீங்க."

நிதானத்தின் முகம் செத்துப்போயிற்று. சுத்தம் சுத்தம் என்று கலக்காமல் காத்த தண்ணீரின் அடியை அவர் மாதக்கணக்கில் பார்க்கவே இல்லை.

அன்றே டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்து, மூடி போட்டார். வேரிடுக்கில் நீர் தேங்கும் குழிகளில் மண் நிரப்பினார். மனைவி போர்த்தும் துணியைக் கணுக்கால் வரை எட்டும்படி ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். காலில் தடவிக்கொள்ளத் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து ஒரு சீசாவும் வைத்தார்கள். அந்த நாற்றம் யாருக்கும் பிடிக்கவில்லை, நல்லவேளையாகக் கொசுவுக்கும்.

ஒரு மாதம் போயிற்று. பஸ்ஸுக்கு நின்ற வாத்தியார் தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

"இப்பல்லாம் இங்க யாரும் காலை உதறிட்டு நிக்கறதில்லையே, என்ன பண்ணீங்க?"

நிதானம் மறைக்கவில்லை. "கொசுவை வளர்த்ததே நான்தான் சார். என் டிரம்லதான் இருந்துச்சு. அன்னைக்குத் தப்பு என் மேலதான்."

வாத்தியார் பஸ் வரும் திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு பையை வேரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தாடைக்குக் கீழே, அந்தப் பழைய இடத்துக்குக் கத்தி வந்தபோது நிதானம் ஒருமுறை அவர் கணுக்காலைப் பார்த்துக்கொண்டார். வாத்தியாரிடம் அசைவே இல்லை. குனிந்து பார்த்தால், மனிதர் தூங்கிப்போயிருந்தார். பஸ் வந்தது, போனது. நிதானம் அவரை எழுப்பவில்லை.