மச்சான் திருப்பிய ஸ்டியரிங்

மஞ்சக்குப்பத்தில் கார் வயரிங் கடை வைத்திருந்தேன். மனைவியின் தம்பி என்னிடம்தான் வேலை பார்த்தான். ஸ்டியரிங்கிலேயே பாட்டுக்கு பட்டன் வைத்த கார்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கிய காலம் அது.

சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் அப்படி ஒரு காரைக் கொண்டுவந்தார். ஹாரன் சில நேரம் அடித்தது, சில நேரம் அடிக்கவில்லை. ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தது. காலையிலிருந்து ஃபியூஸ், ரிலே, ஹாரன் என ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

சாப்பிட்டுவிட்டு வந்த மச்சான் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினான். நேராக இருந்தபோது அடித்த ஹாரன், இடதுபக்கம் திரும்பியதும் நின்றுபோனது.

"உள்ள சுருட்டி வச்சிருக்கற ரிப்பன் வயரு அறுந்திருக்கு மாமா. திருப்புறப்ப விட்டுப்போவுது."

பேட்டரியைக் கழற்றி, ஏர்பேக் வெடித்துவிடாமலிருக்கச் சற்றுப் பொறுத்து, ஸ்டியரிங்கைப் பிரித்தோம். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் இணைப்புப் போகும் அந்த ரிப்பன், அவன் சொன்னபடியே ஓரிடத்தில் அறுந்திருந்தது.

"இனிமே தம்பி கையிலதான் என் வண்டி," என்றார் பாத்திரக்கடைக்காரர். நானும் சிரித்துவிட்டு, காலையில் கழற்றிய ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன்.

அவர் கொடுத்த தைரியத்தில் மச்சான் சிதம்பரத்திலேயே கடை போட்டான். என் வாடிக்கையாளர்கள்கூட அங்கே போனார்கள். "ஒங்க மச்சான் கடையில கூட்டம் ஜாஸ்தி," என்று என்னிடமே வந்து சொன்னார்கள். பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவன் கடை வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்றுதான் என் கண் போகும்.

பிறகு ஒருநாள், புவனகிரியிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். வேறெங்கோ ஸ்டியரிங் வேலை பார்த்ததிலிருந்து ஏர்பேக் விளக்கு எரிகிறது என்றார். இந்த முறை ரிப்பன் நன்றாக இருந்தது. ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் போகும் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரை யாரோ சரியாகப் பூட்டாமல் விட்டிருந்தார்கள். அழுத்திப் பூட்டி, பதிவாகியிருந்த பழுதை ஸ்கேனரில் அழித்தேன். விளக்கு அணைந்தது.

டீச்சருக்குத் திருப்தியில்லை. "எதுக்கும் ஒங்க மச்சான ஒரு வார்த்த கேட்டுக்கறேன்," என்று என் எதிரிலேயே போன் போட்டார். அவன் குரல் எனக்கும் கேட்டது.

"மாமா பாத்துட்டாரா? அப்ப நான் பாக்க வேணாங்க."

டீச்சர் நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். என் வேலைக்கு அவன் நற்சான்று கொடுத்தது, அவன் கடைக்கூட்டத்தைவிட அதிகமாக என்னைச் சுட்டது.

வீட்டில் சொன்னேன். "ஒசத்திதான பேசுனான்? அதுல என்னா கொறஞ்சிபோச்சி?" என்றாள் மனைவி.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "எது மாமா விட்டிருந்திச்சி?"

சொல்ல மனமில்லாமல்தான் சொன்னேன்.

"நானா இருந்தா மறுபடியும் ரிப்பனத்தான் பிரிச்சிருப்பேன்," என்றான்.

உண்மையைச் சொன்னானா, எனக்காகச் சொன்னானா, தெரியவில்லை. "அவனையே கேளுங்களேன்," என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.