டுஃபி ஆண்ட்டி வீட்டு அடுப்படிச் சுவர்

டுஃபி ஆண்ட்டியின் அடுப்புக்குப் பின்சுவரில் ஒட்டிய டைல்ஸ் இரண்டு முறை விழுந்துவிட்டது. ஒட்டியவர் மேஸ்திரி பைடூ. முதலில் சிமென்ட் மோசம் என்றார், பிறகு சுவரே மோசம் என்றார். மூன்றாவதாக, அவரிடம் சிமென்ட் சுமந்துகொண்டிருந்த செர்வா வந்து நின்றாள். குமாசி நகரில் எங்கள் பக்கத்தில் அதுவரை ஒரு பெண்ணை நம்பி யாரும் தனியாகச் சுவர் கொடுத்ததில்லை.

“இதுவும் விழுந்தா ஊரெல்லாம் சொல்லிடுவேன். அப்புறம் நீ தக்காளிதான் விக்கணும்” என்றார் ஆண்ட்டி.

“விழலன்னாலும் அதே மாதிரி சொல்லணும் ஆண்ட்டி.”

பக்கத்து அறையில் குடியிருக்கும் நான் ஓரமாக நின்று பார்த்தேன். விழுந்த டைல்ஸைச் செர்வா திருப்பினாள். நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு சிமென்ட் உருண்டை. மற்ற இடம் வெறுமை. அடுத்து, சுவரை ஒட்டிக் கிடந்த உரலைப் பார்த்தாள்.

“ஃபூஃபூ இங்கயா இடிக்கிறீங்க?”

“முற்றத்துல இடிச்சா, களிக்கு எத்தனை வெந்த வாழைக்காய் போடுறேன்னு எதிர்வீட்டுக்காரி எண்ணுவா.”

“உலக்கை விழுந்தா சுவர் அதிரும். பின்னாடி காலியா இருந்தா எந்த டைல்ஸும் நிக்காது.”

அவள் சுவரைக் கொத்தி நனைத்தாள். பல் வைத்த கரண்டியால் கலவையை இடைவெளி இல்லாமல் இழுத்து, ஒவ்வொன்றையும் அழுத்தி ஒட்டினாள். விரலால் தட்டிப் பார்த்தபோது இரண்டு மட்டும், பின்னால் காலி இருப்பதுபோல் ‘டொக்’ என்றன. பிடுங்கி மறுபடி ஒட்டினாள்.

“நாலு நாளைக்கு இடிக்காதீங்க. சோறு ஆக்குங்க.”

“சோறா? எங்க வீட்டுக்காரர் வேற வீடு தேடிப் போயிடுவார்.”

அவர் போகவில்லை. ஐந்தாம் நாள் நண்பகலில் அவரே உலக்கையைப் பிடித்தார். நான் உரலுக்குள் கைவிட்டு, இடிபடும் வாழைக்காய் மாவைப் புரட்டிப் போட்டேன். பைடூ வாசலில் வந்து நின்றார்.

“தள்ளி உக்காரும்மா, தலையில விழும்” என்றார் என்னிடம்.

“இன்னும் பலமா இடிங்க மாமா” என்றாள் செர்வா.

அலமாரியில் தட்டுகள் குலுங்கின. ஒரு டைல்ஸும் அசையவில்லை. மாவு வழவழப்பாகத் திரண்டது. பைடூ உள்ளே வந்து, வரிசை விடாமல் தட்டிப் பார்த்தார். எங்கும் ஒரே கெட்டிச் சத்தம்.

“புதன்கிழமை ஒரு வீடு இருக்கு. வர்றியா?”

“சிமென்ட் சுமக்க வரமாட்டேன் மேஸ்திரி.”

பைடூ கடைசி டைல்ஸை இன்னொரு முறை தட்டினார்.

“அந்த வீட்டு அடுப்படி முழுக்க நீ எடுத்துக்க” என்றார்.

ஆண்ட்டி முதல் கிண்ணத்தைக் கணவருக்குக் கொடுக்கவில்லை. பெரிய மீன் துண்டு போட்டு, செர்வாவின் முன்னால் வைத்தார்.