ஸ்பிளிட் டூட்டி கேட்டு வாங்கிய கதை

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஸ்பிளிட் டூட்டி என்றாலே எல்லாருக்கும் வயிற்றெரிச்சல். காலையில் பாதி வேலை, சாயங்காலம் மீதி. நடுவில் வீட்டுக்கும் போக முடியாமல் ஆபீசிலும் இருக்க முடியாமல் அல்லாட வேண்டும். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் நாளே அதை என் தலையில் கட்டினார்கள். புதிதாக வருகிறவளுக்கு அதுதான் வரவேற்பு.

சுவிட்ச்போர்டில் உட்கார்ந்துவிட்டால் அசையக்கூடாது. வெளியூர் டிரங்க் கால்கள் வந்துகொண்டே இருக்கும். "இன்னாம்மா, தூங்கிறியா?" என்று மண்டிக்காரர்கள் காதுக்குள் கத்துவார்கள். மாற்று ஆளாக ரிலீவர் வந்து ஹெட்செட்டை மாட்டினால்தான் எழுந்திருக்கலாம். ஆனால் அவள் மாட்டிய நொடியிலிருந்து என்னைக் கூப்பிட உலகத்தில் ஒருவருக்கும் உரிமை இல்லை! இது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று.

செங்கம் பக்கம் கிராமத்தில் என் புகுந்த வீடு, பெரிய குடும்பம். கிணற்றடியில்கூட எனக்குத் தனிமை கிடையாது. அன்றைக்குப் பதினோரு மணிக்கு ரிலீவ் ஆகி வாசலில் நின்றேன். வீட்டுக்குப் போய்த் திரும்ப பஸ் தோதாக இல்லை. எதிரே மலை. செருப்பை எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிட்டு மலையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். பௌர்ணமி இல்லை, கூட்டம் இல்லை. புளியமர நிழலில் நான் மட்டும். மலையைப் பார்த்து மனதில் இருந்ததையெல்லாம் வாய்விட்டுப் பேசினேன். அடி அண்ணாமலை தாண்டியதும் பாடக்கூடச் செய்தேன். அத்தனை சந்தோஷம்! சாயங்கால டூட்டிக்கு டாண் என்று போர்டில் இருந்தேன். அதற்குப் பிறகு அந்த இடைவேளைக்காகவே வேலைக்குப் போனேன்.

இரண்டு வருஷம் கழித்துப் புது சூப்பர்வைசர் வந்தார், உள்ளூர்க்காரரான ரஹமத்துல்லா சார். தங்கமான மனிதர். அந்தத் தங்கமான மனசுதான் ஆபத்தாக முடிந்தது.

"உனக்கு அலைச்சல் ஜாஸ்திம்மா. நாளையிலேர்ந்து ஸ்ட்ரெயிட் டூட்டி போட்டுட்டேன்."

கூட வேலை பார்த்தவர்கள் ஸ்வீட் கேட்டார்கள். நானோ மத்தியான பஸ்ஸைப் பிடித்து நேராக ஆட்டுக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்றே வாரத்தில் மூச்சு முட்டியது. அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், எனக்கு ஸ்பிளிட்டே குடுத்துடுங்க."

"ஏம்மா, யார்னா எதுனா சொன்னாங்களா?"

"இல்ல சார். மலைய சுத்தணும். தனியா."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்தியானம் நான் தொழப் போறப்ப என்னிக்காவது என்னைக் கூப்ட்டிருக்கீங்களா?"

"அது உங்க நேரமாச்சே சார்."

"அப்ப போய் சுத்தும்மா" என்று சிரித்துக்கொண்டே டூட்டியை மாற்றி எழுதினார்.

வீட்டில் மாமியார் குதித்தார். மறுவாரம் என் கணவரே எக்ஸ்சேஞ்சுக்கு வந்துவிட்டார். போர்டில் இருந்த எனக்குப் பக்கத்து அறைப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"சார், வீட்ல ரொம்ப கஷ்டமா கீதுங்க. அவளுக்குப் பழையபடி ஸ்ட்ரெயிட் டூட்டி போட்டுக் குடுங்க."

கையில் எடுத்த பிளக்கைச் செருகாமல் காதைத் தீட்டிக்கொண்டேன். சார் இளகிவிட்டால் என் கதை முடிந்தது.

"சர்க்கார் வேலைங்க இது" என்றார் சார், நான் அதுவரை கேட்டிராத கடுமையான குரலில். "ஆளுக்கு ஆள் மாத்த முடியாது. ரூல்னா ரூல்தான்."

ரிலீவ் ஆகி வெளியே வந்தேன். கணவர் பரிதாபமாக நின்றிருந்தார்.

"அப்பப்பா, இன்னா கறாரான ஆளு! இவர்கிட்ட எப்டிதான் வேலை செய்றியோ. ஒரு டீயாவது குடி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கையசைத்தேன். பஸ் முனை திரும்பியதும் மலைப் பக்கம் ஓடினேன். நடக்கவே இல்லை, ஓடினேன்!

ரிடையரானதும் நாள் முழுக்க என் கைக்கு வந்தது. இன்று போகலாம், நாளை போகலாம் என்று ஒரு வருஷம் மலைப் பக்கமே போகவில்லை. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. எல்லா நேரமும் நம்முடையது என்றால் எல்லாரும் வந்து எடுத்துக்கொள்வார்கள். இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் பதினோரு மணிக்கு மலை சுற்ற எனக்கு நானே டூட்டி போட்டிருக்கிறேன். புறப்படும் நேரம் பார்த்து வீட்டு போன் அலறும். கால் நூற்றாண்டுக்கு மேல் ஊருக்கெல்லாம் போன் எடுத்தவள் நான். அலறட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவேன்.