நிழல்வலைக்குக் கீழே

வீட்டின் பின்னால் இருக்கும் சிமெண்ட் முற்றத்தை என் மனைவிக்காகத்தான் அழகுபடுத்தினேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அதில் பாதி பொய்.

அந்த முற்றம் நெல் காயப்போடுவதற்காகப் போட்டது. வயலைக் குத்தகைக்கு விட்ட பிறகு எங்களுக்கு அதில் வேலை இல்லை. அடுத்த வீட்டுக்காரிக்கு இருந்தது. கணவன் இறந்த பின் வத்தல் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள். அவள் வீட்டைச் சுற்றித் தென்னைகள், வெயிலே விழாது. முற்றம் இல்லாதவர்கள் முற்றம் உள்ள வீட்டில் காயப்போட எங்கள் ஊரில் அனுமதி கேட்பதில்லை. காலையில் வந்து பாயை விரித்து மோர்மிளகாயோ கொத்தவரங்காயோ பரப்புவாள்.

பக்கவாதத்தில் இடதுபக்கம் தளர்ந்த என் மனைவி, புறவாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையில் மூங்கில் கம்போடு காக்கை விரட்டுவாள். அவளுக்கு நாக்கும் குழறும். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன்; "சரியாகச் சொல்லு" என்று திரும்பச் சொல்லவைப்பேன். அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு தடவை போதும்.

"ஏட்டி, ஒன் மொளகாயைக் கொத்துன காக்கா நேரே சானலுக்குல்லா தண்ணி குடிக்கப் போவுது. உப்பை அள்ளித் தட்டிட்டியா?" என்பாள் மனைவி.

"அக்கா காவல் இருக்க லெச்சணம் அது! ஒறங்கிட்டு உப்பைக் குத்தம் சொல்லாதீங்கோ."

இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

ஒருநாள் என்னோடு வேலைபார்த்த ஆசிரியர் ஒருவர் வந்தார். முற்றத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஓய், காக்கா வெரட்டதுக்கு வீட்டுக்காரியை இருத்தியாச்சா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வாரம் என்னை உறங்கவிடவில்லை.

பெங்களூரிலிருக்கும் மகளிடம் சொன்னேன். அவள் வீடியோக்கள் அனுப்பினாள். இரும்புக் குழாய் நட்டு, மேலே பச்சை நிழல்வலை கட்டினேன். தரையில் செம்மண் நிற ஓடு பதித்தேன். தோவாளைக்குப் போகும் வழியிலுள்ள நர்சரியிலிருந்து செம்பருத்தி, குரோட்டன்ஸ், பெரணி. மெத்தை வைத்த பிரம்பு நாற்காலிகள், தொங்கும் விளக்கு. பிளாஸ்டிக் நாற்காலியை மொட்டைமாடியில் போட்டேன்.

குழாய் நட்ட அன்று மத்தியானம் மனைவி உள்ளே உறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி வந்தாள்.

"சாரே, வலை எம்புட்டு தூரம் வரும்? ஓரத்திலெ ஒரு பாய் விரிக்க வெயில் கெடைக்குமா?"

"இனி இங்க காயப்போடாண்டாம். ஆளு வந்து போற எடம். வத்தல் வாடை சரிவராது."

"சரி சாரே" என்று பாயைச் சுருட்டினாள்.

மனைவியிடம், அவளுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதாம் என்றேன்.

"எங்கிட்டெ சொல்லாமலா போனா?"

"அவசரத்திலெ போயிட்டா" என்றேன். என் வாழ்க்கையில் சொன்னதிலேயே மோசமான வாக்கியம் அதுதான்.

மூன்று மாதம் மனைவி பிரம்பு நாற்காலியில், அடுத்த வீட்டுக்காரி வந்துபோகும் வேலிப்படலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று வலையைப் படபடவென்று அடிக்கும். அவள் பேசுவது குறைந்தது. பேசியதும் முன்னைவிடக் குழறியது. மகள் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, எடம் சூப்பரா இருக்கு. அம்மை ஏன் பேச மாட்டேங்கா?" என்று கேட்டாள். களைப்பு என்றேன்.

ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, வயல்களுக்குத் தண்ணீர் போகும் சானலின் கரைச் சாலை ஓரத்தில் அடுத்த வீட்டுக்காரியைக் கண்டேன். பாயில் மிளகாய். குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் ஆட்டையும் மறுபக்கம் காக்கையையும் விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அக்காக்கு கை எப்படி இருக்கு சாரே? நான் சொல்லாம வந்துட்டேன்னு கோவமா இருப்பாளோ?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் மனைவிக்கு உண்மை தெரியாது என்பதை ஊகித்து, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். வாடை என்று சொன்னதையும் மறைக்கவில்லை.

"கம்பை எடுங்கோ" என்றாள்.

கொடுத்தேன். அதை ஊன்றி எழுந்தாள்.

"அங்க கொண்டு விடுங்கோ."

நூறு காலடித் தூரம்தான். அரைமணி நேரம் ஆனது. வழியில் என் கையைப் பிடிக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். மனைவி ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. கேட்டவள் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்குள்ளெ சாரே."

மறுநாளே வலையை அவிழ்த்தேன். போய் அடுத்த வீட்டுக்காரியிடம் மன்னிப்புக் கேட்டு, முற்றத்துக்குக் கூப்பிட்டேன். "இருக்கட்டு சாரே, இங்கெ வெயில் நல்லா கெடைக்கு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது தினமும் காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மனைவியோடு மெல்ல நடந்து சானல்கரைக்குப் போகிறேன். அவளை உட்கார்த்திவிட்டுத் திரும்பி வந்து, மெத்தை வைத்த நாற்காலிகளுக்கு நடுவே மத்தியானம்வரை தனியாக இருக்கிறேன்.

நேற்று அந்த ஆசிரியர் எதிரே வந்தார். "காலம்பறவே நாற்காலியைத் தூக்கிட்டு எங்க ஓய்?"

"காக்கா வெரட்ட" என்றேன். மனைவி நிற்காமல் முன்னே நடந்துகொண்டிருந்தாள்.